பெரட்டுக் களத்துக் குரல்

மூன்றாவது பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். கோர்ட் பக்கமே வரக்கூடாது என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் பயந்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மேடையில் இருந்தேன். 2009இல் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு குற்றவியல் நடுவர் நான். ஆவணங்களில் என் சொந்த ஊர் மண்டபம் முகாம். ஐந்து வயதில் சிலோனிலிருந்து கப்பலில் வந்து பதிந்த இடம் அது. தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவளுக்கு வேறென்ன ஊர்? வக்கீலானபோது சிலோன்காரிக்குச் சட்டம் தெரியுமா என்று கேட்டவர்கள், நீதிபதியானதும் எழுந்து நின்றார்கள். அடுத்த வாரம் தேனியில் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளராகப் பொறுப்பேற்க வேண்டும். அதுவரை எதிலும் மாட்டிக்கொள்ளக்கூடாது என்ற பயத்திலேயே நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"பலவேசம்... பலவேசம்... பலவேசம்" என்று கூப்பிட்டார் எழுத்தர் சுருளிவேல். குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் ரகளை செய்த வழக்கு.

பலவேசம் அப்பாவின் லயத்துக் கூட்டாளி. இப்போது கம்பத்திலிருந்து ஜீப் ஏறி கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார். ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் ஜீப்பில் இடம் கிடைக்காது.

அப்பா எழுந்துபோய்க் கூண்டில் ஏறினார். கைகட்டி, தலை குனிந்து, "இருக்கேனுங்க" என்றார்.

அங்கே எனக்கு மட்டும்தான் அது புரிந்தது. சிலோன் தோட்டங்களில் விடியற்காலை ஆள் எடுக்கிற இடம் பெரட்டுக் களம். கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிடுவான். காய்ச்சலில் கிடக்கிறவனுக்காகப் பக்கத்து லயத்துக்காரன் குரல் கொடுப்பான். துரையின் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை, துரையும் இவர்களைத் தனித்தனி முகமாகப் பார்த்ததில்லை. அதனால் அங்கே அது நடந்தது. இங்கே அதற்குப் பெயர் ஆள்மாறாட்டம். ஜெயில்.

வழக்குப் பிடித்த ஏட்டு ஒச்சாண்டி கூண்டுப் பக்கம் நகர்ந்தார்.

"என்னய்யா, மீசய எங்க?"

"எடுத்துட்டேனுங்க."

"அன்னைக்கு என் சட்டயப் பிடிக்கையில ஆறடிக்கு நின்ன. இப்ப இப்பிடி வத்திப் போயிட்ட?"

"குடிச்சா அப்பிடித்தானுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பா ஒரு சொட்டு தொட்டதில்லை. ஒச்சாண்டி சிரிக்கவில்லை. அவர் கண் கூண்டிலிருந்து என் பக்கம் திரும்பியது. பெயர் கேட்காமல் விட முடியாது.

"உங்க பேரு?"

"பலவேசமுங்க, தொர."

போன மாதம் வரை என் கோர்ட் மாடியில் இருந்தது. ஒழுகியதால் கீழே மாற்றினார்கள். அப்பாவுக்கு அது தெரியாது. இங்கே வேறு யாரோ துரை என்று நம்பி வந்திருக்கிறார். அவர் பெற்ற மகளின் குரல் அவருக்குத் துரையின் குரலாகக் கேட்டிருக்கிறது.

அபராதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போய்விடுவார். நாளைக்கு ஒச்சாண்டி வாயைத் திறந்தால் நானும் போய்விடுவேன்.

"நிமிர்ந்து பாருங்க."

"வேணாமுங்க."

"அப்பா."

அவர் நிமிர்ந்தார்.

"ஆத்தா, நீயா?" என்றார். மகளைப் பார்த்த முகமாக அது இருந்தது ஒரு கணம்தான். கறுப்பு அங்கியைப் பார்த்தார். மறுபடியும் தலை குனிந்துவிட்டது. "தப்புங்க" என்றார்.

ஒச்சாண்டி கூண்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"எழுதுங்க" என்றேன் சுருளிவேலிடம். "கூண்டில் நிற்பவர் பலவேசம் இல்லை. என் தகப்பனார் அய்யாத்துரை. இந்த வழக்கை நான் விசாரிக்க முடியாது."

"அம்மா, கொஞ்சம் யோசிச்சுட்டு..."

"எழுதுங்க."

அவர் எழுத ஆரம்பித்தார். இறங்கும்படி யாரும் சொல்லாததால் அப்பா கூண்டிலேயே நின்றார்.