படாத கை

அன்சார் பாயின் கை என் மேல் பட்டதே இல்லை. கராத்தே பழகிய இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் வீசிய குத்துகளுக்குக் கணக்கே கிடையாது. அவர் முஷ்டி என் மூக்குக்கு ஒரு விரல்கடை முன்னால் வந்து நிற்கும். காற்று மட்டும் படும். அதனால் அந்த மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குத்து என் காறையெலும்பில் வந்து இறங்கியபோது வலிக்கு முன்னால் எனக்கு வந்தது குழப்பம்தான்.

பாய் அப்படியே நின்றுவிட்டார். வலது கையைப் பின்னால் இழுத்து இடது கையால் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "தப்பாயிடுச்சு டீச்சர்" என்றார். நான் பரவாயில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் பையை எடுத்துக்கொண்டு, டீக்குக்கூட நிற்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

நான் மலர்க்கொடி. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவள். விசில் ஊதி ஊதி என் குரலே விசிலாகிவிட்டது என்று எங்களோடு கராத்தே பழகும் தியாகேசன் கிண்டல் செய்வார். என் அப்பாவும் அம்மாவும் பண்ணையில் நாற்று நட்டுக் கதிர் அறுத்தவர்கள். பட்டுக்கோட்டையில் கராத்தே வகுப்பு ஆரம்பித்த காலத்தில் அங்கே சேர்ந்த ஒரே பெண்பிள்ளை நான்தான். முதல் நாள் மாஸ்டர் என்னை அன்சாருக்கு எதிரே நிறுத்தினார். அதிராம்பட்டினத்துப் பையன், மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு என்னோடு சண்டை போட முடியாது என்றார். எனக்கு வந்ததே கோபம். எந்தத் தெரு என்று பார்த்துத்தான் ஒதுங்குகிறாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் பதறிப்போனார். அதெல்லாம் இல்லை, அந்நியப் பெண்ணைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் என்றார். தொடாமல் அடி, கராத்தேயே அதுதானே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சரி என்றார்.

அன்றைக்குச் சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். மற்றவர்கள் எல்லாம் விதிக்காகக் கையை நிறுத்தினார்கள். பாய் அதற்கு மேல் ஏதோ ஒன்றுக்காக நிறுத்தினார். அதனால்தான் எங்கள் கூட்டத்திலேயே சுத்தமான கை அவருடையதாக இருந்தது.

கூட்டம் என்று சொல்வதே பெரிய வார்த்தை. கடைசியில் மிஞ்சியது நான்கு பேர். நான், பாய், தியாகேசன், முகம்மது யூசுப். தியாகேசன் தேங்காய் வியாபாரி. கஜா புயலில் தோப்பெல்லாம் சாய்ந்து காய் வரத்து நின்று, கொப்பரை காயப்போடும் அவருடைய சிமெண்ட் களம் சும்மா கிடந்தது. அப்போது அங்கே இறங்கினோம். காய் திரும்ப வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைக் காலை எங்களுக்கென்று ஆகிவிட்டது. மெடல் வாங்குகிற வயதும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. மூட்டுவலித் தைலத்தைத் தடவிக்கொண்டு வந்து, எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்து அடித்துக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளுகிறோம் என்று நாங்கள் யாரும் வெளியே சொன்னதில்லை.

களத்துக்கு ஒரே விதி. அதை வைத்தவர் பாய்தான். யூசுப்புக்கு லேசாக ஒரு பக்கவாதம் வந்து தேறிய பிறகு அவர் கை சொன்ன இடத்தில் நிற்கவில்லை. ஒருநாள் பாயின் உதட்டைக் கிழித்துவிட்டது. பாய் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "நிக்காத கை களத்துல வேணாம் யூசுப்" என்றார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. யூசுப் போய் ஓரத்தில் கிடந்த கொப்பரைச் சாக்குகள்மேல் உட்கார்ந்தார். அடுத்த சில வாரங்களும் வந்து அதே சாக்கில் உட்கார்ந்துகொண்டு, "ம், ஆரம்பிங்க" என்று சிரித்தபடியே சொல்வார். பிறகு வருவதை நிறுத்தினார். அந்த ஐப்பசி மழையில் இறந்துபோனார். சந்தூக்கைத் தோளில் சுமந்தவர்களில் பாயும் ஒருவர். அதன் பிறகு அவர் அந்தச் சாக்குப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

என்மேல் குத்து விழுவதற்கு மூன்று வாரம் முன்னால் தியாகேசனின் முன்பல் ஒன்று போயிருந்தது. அதுவும் பாயின் கைதான். தியாகேசன் அதை வன்மம் என்றே எடுத்துக்கொண்டார். அதற்கு அவரிடம் காரணமும் இருந்தது. திருக்கடையூரில் அவருடைய அறுபதாம் கல்யாணம் நடந்தபோது பாய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. தியாகேசன் எல்லார் முன்னாலும் அவரை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டார். அதை மனசில் வைத்துக்கொண்டுதான் அடித்தான் என்பது அவர் கட்சி. நானும் அதைப் பாதி நம்பியிருந்தேன். எங்களைப் போன்றவர்களின் கோளாறே அதுதான். நாற்பது வருஷம் பழகிய கை ஒன்று பட்டால், அது வேண்டுமென்றே பட்டது என்றுதான் எங்களுக்குத் தோன்றும். கை தவறியிருக்கும் என்று தோன்றவே தோன்றாது.

ஆனால் என்மேல் பட்டபோது அந்த எண்ணம் போய்விட்டது. பாய்க்கு யார்மேல் கோபம் வந்தாலும் என்மேல் கை படவிட மாட்டார். தியாகேசனிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. புதுப் பல் இன்னும் கட்டவில்லை, பேச்சில் காற்று அடித்தது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான், அடுத்த ஞாயிறு அவன் கை நிற்கிறதா என்று பார்ப்போம், ஒரு குத்து பட்டாலும் யூசுப்புக்குச் சொன்னதையே அவனுக்கும் சொல்லிவிடுவேன் என்றார். எதிரே நான் நிற்கிறேன் என்றேன்.

புதன்கிழமை பஸ் ஏறி அதிராம்பட்டினம் போனேன். பாய்க்கு அங்கே வலையும் கயிறும் விற்கிற கடை. சவூதியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து வைத்தது. வீடு கடைக்குப் பின்னால். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், முகத்தைத்தான் பார்க்கவில்லை. அவர் மனைவி கமருன்னிஸா தேயிலைத் தண்ணீரைக் கெட்டிலில் கொண்டுவந்து வைத்தார். வந்தவளுக்குத் தன் கையால் ஊற்ற வேண்டும் என்று பாய் கெட்டிலை எடுத்தார். தேயிலை தம்ளருக்கு முன்னாலேயே மேஜையில் விழுந்து ஓடியது. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். கமருன்னிஸா சத்தமில்லாமல் தம்ளரை நகர்த்தி அந்த நீருக்கு அடியில் வைத்தார். அவர் அதைச் செய்த லாவகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, இது தினமும் நடக்கிறது.

நான் கெட்டிலை வாங்கிக் கீழே வைத்தேன். எந்தக் கண் என்று கேட்டேன்.

"இடது. சர்க்கரை கண்ணுக்கு ஏறிடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா மங்கி, ரெண்டு மூணு மாசமா சுத்தமா தெரியல" என்றார்.

ஒரு கண் போனால் எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்க முடியாது. பல் போனதும், காறையெலும்பும், அவர் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் வர ஆரம்பித்ததும், திருக்கடையூர்க் கூட்டத்துக்குப் பயந்து வராமல் இருந்ததும் எனக்கு அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தது. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன்.

"சொன்னா என்ன பண்ணுவீங்க? யூசுப்புக்கு நான் பண்ணினத எனக்கு நீங்க பண்ணுவீங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கடைய மகன் பாத்துக்குறான். வண்டிச் சாவிய வாங்கி வச்சுட்டாங்க. ரோட்டைத் தாண்டணும்னா கூட யாராச்சும் வர்றாங்க. அந்த ஞாயித்துக்கெழமய மட்டும் என்கிட்டேருந்து எடுத்துடாதீங்க டீச்சர்."

இருக்கிற கண்ணில் ஒரு அடி பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"உங்க கை படாது" என்றார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நான் யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அதோடு விடவில்லை. கடைக்குப் பின்னால் வலைக்கட்டுகளுக்கு நடுவே அவரை எழுப்பி நிறுத்தினேன். கண்ணால் அளக்காதீங்க, காலால் அளங்க என்றேன். என் முன்கால் விரலுக்கு நேரே அவர் முன்கால் விரல் இருந்தால், கையை முழுசாக நீட்டாமல் எங்கே நிறுத்த வேண்டும் என்று பழகினோம். ஒரு விரல்கடை வரைக்கும் வர வேண்டாம், ஒரு சாண் முன்னாலேயே நின்றால் போதும். நான் அவருடைய வலப் பக்கத்திலேயே சுற்றுவது என்றும் முடிவு செய்தோம். கமருன்னிஸா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை களத்தில் பனி ஈரம் காயவில்லை. தியாகேசன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஞ்சாயத்துத் தலைவர் தோரணையில் நின்றார். பாயும் நானும் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டோம். அவர் கண் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தது. முதல் குத்து வந்தது, ஒரு சாணில் நின்றது. அடுத்ததும் நின்றது. நான் அவருடைய வலப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. வயிற்றுக்கு ஒரு உதை அனுப்பினார், அதுவும் பனியனைத் தொடாமல் திரும்பிப் போனது. கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது, ஆனால் நிற்கிறது என்று தியாகேசன் முணுமுணுத்தார். அவர் குரலில் காரம் குறைந்திருந்தது. உள்ளுக்குள் அவருக்கும் நிம்மதிதான்.

பாய்க்கும் அது கேட்டிருக்க வேண்டும். தோள் தளர்ந்தது. கால் இலகுவாயிற்று. பழைய அன்சார் வந்துவிட்டார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கெடுத்தது.

பாய் இடக் கையை வீசினார். அவர் இடக் கையை வீசினால் நான் அதற்கு வெளியே நழுவி, அவருடைய இடது கண்ணோரத்துக்கு என் வலக் கையை அனுப்புவேன். அவர் முழங்கையை மடக்கித் தடுப்பார். பாவாடை தாவணிக் காலத்திலிருந்து எங்களுக்குள் நடக்கிற விஷயம் அது. யோசிக்கவே இல்லை. உடம்பு தானாக நழுவியது, கை தானாகப் போனது. அவர் இடது கண்ணுக்கு ஒரு விரல்கடை முன்னால், கற்றுக்கொண்டபடி கச்சிதமாக நின்றது.

பாய் தடுக்கவில்லை. இமைகூட ஆடவில்லை. நான் எங்கே போனேன் என்று வலப் பக்கமாக முகத்தைத் திருப்பித் தேடினார்.

"வாங்க டீச்சர், எங்க போயிட்டீங்க" என்றார், சிரித்துக்கொண்டே.

என் கை அங்கேயே நின்றது. எடுத்திருக்கலாம். எடுக்க முடியவில்லை. அடித்தே இருந்தால்கூட என் கை தவறியது என்று போயிருக்கும், நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். நிறுத்தியதால்தான் எல்லாம் தெரிந்துவிட்டது. தியாகேசன் என் முஷ்டியைப் பார்த்தார், பாயின் கண்ணைப் பார்த்தார், வாயில் பல் இல்லாத இடத்தைத் தன் விரலால் தொட்டார். களத்தில் சத்தமே இல்லை.

அந்த மௌனத்தை வைத்துத்தான் பாய் புரிந்துகொண்டார். சிரிப்பு மெல்லப் போயிற்று. கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடுகிறவர் மாதிரி இடக் கையைத் தூக்கிக் காற்றில் துழாவினார். விரல்கள் என் முஷ்டியைத் தொட்டன. அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தன் கன்னத்துக்கும் அதற்கும் நடுவே விரல் வைத்துப் பார்த்தார். அது யார் கை என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு நினைவில் இல்லை.

"என் கை ஒன்னும் படலைல்ல டீச்சர்?" என்று கேட்டார்.

"படல பாய்."

"எல்லாம் நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு" என்றேன். அது சத்தியமான பதில். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தியாகேசன் கிட்டே வந்து, "சொல்லியிருக்கலாமேடா" என்றார். குரல் உடைந்து காற்றுத்தான் வந்தது. விதியைப் பற்றி அவர் பேசவில்லை. பேச வேண்டிய தேவையை பாய் வைக்கவில்லை. எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். பெல்ட்டை அவிழ்த்து மடித்தார். பிறகு காலால் தரையை அளந்து அளந்து ஓரத்துக்குப் போய், இவ்வளவு நாளும் பார்க்காமலே இருந்த அந்தக் கொப்பரைச் சாக்குகளைக் கையால் தொட்டுப் பார்த்து உட்கார்ந்தார்.

நானும் தியாகேசனும் என்ன செய்வதென்று தெரியாமல் எதிரெதிரே நின்றோம். வெயில் களத்தில் இறங்கியிருந்தது.

"ம், ஆரம்பிங்க" என்றார் பாய்.

எனக்குக் கை எழவில்லை.