கழுத்துக்குக் கீழே

என் கணவர் ஓவியர். இறந்துபோனவர்களையும், உட்கார நேரமில்லாதவர்களையும் வரைந்து பிழைக்கிறார். வாடிக்கையாளர் ஒரு புகைப்படமும் ஒரு நல்ல உடையும் கொடுத்துவிட்டுப் போவார். முகம் புகைப்படத்திலிருந்து வந்துவிடும். துணியின் மடிப்பு மட்டும், உயிருள்ள ஒரு ஆள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால்தான் சரியாக விழும் என்பார். அந்த ஆள் நான். சம்பளமில்லாத பொம்மை.

ஹோட்டல் சுவர்களில் மாட்டப் பழங்காலச் சீமாட்டிகளின் படங்கள் கேட்பார்கள். அதற்கான உடைகளைப் பழைய படங்களைப் பார்த்து நானே தைப்பேன். தாடையை இடிக்கும் கழுத்துப்பட்டி, மூச்சு முட்டும் இடுப்புக்கச்சை, தரையைப் பெருக்கும் பாவாடை எல்லாம் எனக்கு அத்துப்படி. இதையெல்லாம் மாட்டிக்கொண்டு அந்தக் காலத்துப் பெண்கள் எப்படித்தான் சிரித்தார்களோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

என் சொந்தத் துணி என்றால், சட்டென்று கழற்ற வசதியாக முன்னால் பட்டன் வைத்த வெளிர் சட்டைகள்தான். எனக்கு எது பிடிக்கும் என்று யோசிக்கவே நேரமிருந்ததில்லை. ஓர் ஆசை மட்டும் இருந்தது. என் உடையில், என் முகத்தோடு, ஒரே ஒரு படம். கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம் என்பார். நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

போன வாரம் அவர் படங்களையெல்லாம் திரட்டி ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதற்குக் கிளம்ப அலமாரியைத் திறந்துவிட்டுத் திருதிருவென்று விழித்தேன். ஊருக்கே உடுத்திக் காட்டினவளுக்கு உடுத்த ஒன்றுமில்லையா என்று மகள் கிண்டலடித்தாள். அவளையே இழுத்துக்கொண்டு கடைக்குப் போய், அடர் மஞ்சளில் ஒரு நீள அங்கி வாங்கினேன். கண்ணாடியில் நின்றவளை எனக்குப் பிடித்திருந்தது.

கண்காட்சிக் கூடத்தில்தான் படங்களை முதல்முறையாக வரிசையாகப் பார்த்தேன். பகீரென்றது. யாரோ ஒருவரின் மாமியார், டாக்டரம்மா, சீமாட்டிகள், அத்தனை பேருக்கும் இடது தோள் தொங்கியிருந்தது. அசையாமல் உட்கார்ந்து அலுத்துப்போனால் என் தோள் அப்படித்தான் இறங்கும். கண்ணில் பட்டதை அவர் அப்படியே வரைந்து வைத்திருக்கிறார். இன்றைக்கு மானம் போகப்போகிறது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

போகவில்லை. பத்திரிகையில் ஓவியம் பற்றி எழுதுகிற ஒரு அம்மா வந்திருந்தார். அவர் அந்தத் தோள்களின் முன்னால் நின்று நின்று பார்த்தார். இந்தக் களைப்புதான் உங்கள் பாணி, வேறு யாரிடமும் இதைப் பார்த்ததில்லை, எங்கே பிடித்தீர்கள் என்று என் கணவரைக் கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இப்போதாவது என்னைப் பற்றிச் சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்தேன்.

"அது தானா வந்ததுங்க," என்றார்.

மறுநாள் காலை, புதிதாக வந்த ஆர்டருக்கான பட்டுக் கோட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். "அந்த இடது தோளை மட்டும் நல்லா இறக்கி வை. இனிமே எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க."

போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தோள் இறங்கவில்லை. அவர் வந்து கையால் அழுத்திப் பார்த்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, கத்தத்தான் தெம்பில்லை. கோட்டைக் கழற்றி மடித்து வைத்தேன். உள்ளே போய் மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"முகத்தையும் சேத்து வரையிறதா இருந்தா உக்காருறேன்," என்றேன்.

தூரிகையைப் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதை யாரும்மா வாங்குவாங்க?"

அவர் குரலில் கேலி இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.