தைரியமீன்

வெடிச்சத்தம் கேட்டுத் தெருவே திரும்பிப் பார்த்த அந்தக் காலையில், எக்ஸ்ரேக்காரர் வீட்டுக் கூடத்திலிருந்த மீன்தொட்டியின் கண்ணாடி நான்கு பக்கமும் நொறுங்கி விழுந்தது. தண்ணீர் விழவில்லை. தொட்டி இருந்த இடத்தில் தொட்டியின் வடிவத்திலேயே அசையாமல் நின்றது. உள்ளே இருந்தது ஒரே ஒரு சிக்லிட் மீன். முழங்கை நீளம், புடைத்த நெற்றி, முன்தள்ளிய தாடை. அது சற்று யோசித்துவிட்டுத் தண்ணீரை விட்டு வெளியே வந்தது. சோபாவுக்கு மேலாக நீந்திப் போய், பீரோவின் பின்னால் ஒளிந்துகொண்டது. எக்ஸ்ரேக்காரரின் மனைவி கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி அள்ளினாள். மின்வாரியத்து ஆள் வந்து பார்த்தார். ஒயரிங்கில் கோளாறில்லை, மின்விசிறியை மட்டும் இரண்டுக்கு மேல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முதல் வீடு மீனுடையதாயிற்று. அழைப்புமணி அடித்தால் பாய்ந்து வரும். சிலிண்டர் போட வந்தவரின் முழங்கையைக் கடித்தது; அவர் அதன் பிறகு சிலிண்டரை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார். கண்ணாடி பார்த்துத் தலை வாரினால் கண்ணாடிக்குள் இருக்கும் மீனோடு சண்டைக்குப் போகும். யாரும் சீண்டாத நேரத்தில் பீரோவின் பின்னால் நிறம் வெளுத்து, செவுள் படபடக்க ஒண்டிக் கிடக்கும். இவ்வளவு நடந்தும் எக்ஸ்ரேக்காரர் ஆச்சரியப்படவில்லை. எல்லோரிடமும் "அசையாதீங்க" என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறவர் அவர். அப்படித்தான் இருப்பார் என்று அவர் மனைவி விட்டிருக்கலாம். ஆனால் அவள் பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலைப் பார்ப்பான் என்பது அவளுக்கு அத்துப்படி. மாமனார் முன்பெல்லாம் எப்படி இருப்பார் என்று எப்போது கேட்டாலும், அவள் கணவர் ஜன்னலைத்தான் பார்த்தார்.

மாமனார் ஓய்வுபெற்ற எடையளவு ஆய்வாளர். அவர் தெருவில் இறங்கினால் கடைக்காரர்கள் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்களாம். ஓய்வு பெற்றதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே போன தட்டுகள் பறந்துதான் வெளியே வந்தன என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. மருமகள் வந்த பிறகு மனிதர் அறையை விட்டு வந்தார், கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், பஸ்ஸில் இன்று யார் யாரோடு சண்டை என்று கேட்டுச் சிரித்தார். நீ கால் வைத்த நேரம் என்று உறவுக்காரர்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். புகுந்த வீட்டில் தனக்கென்று இருப்பது அந்தப் பெருமைதான் என்று அவளும் நம்பினாள். தொட்டி உடைந்த பிறகு அதுவும் ஆட்டம் கண்டது. கிழவர் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு சாயங்காலம் அவள் காதோரமாக ஒரு தட்டு பறந்து போய்ச் சுவரில் மோதியது. மீனும் அதே நேரத்தில் சுவரில் மோதியது.

மீன் அடங்கினால் அப்பாவும் அடங்குவார் என்றார் எக்ஸ்ரேக்காரர். எப்படித் தெரியும் என்று அவள் கேட்டதற்கு ஜன்னலைப் பார்த்தார். முதலில் மின்மினி போல மினுங்கும் பொடிமீன்களை வாங்கி வந்தார். விடிந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. பெரியது மட்டும் டிவியின் மேல் வயிறு முட்டப் படுத்திருந்தது. அடுத்து, பாவாடை போலத் துடுப்பு விரிந்த மீன்களை வாங்கினார். அவை நிதானமாக நீந்தின, நிதானமாகக் கடிபட்டன. மூன்றாம் முறை அவளும் கூடப் போனாள்.

மீன்கடைக்கார அம்மாள் வெற்றுத் தொட்டியைத் தேய்த்தபடியே பேசினாள். பெரிய மீனுக்குக் கோபமே கிடையாது, பயம்தான். எதிரே சில மீன்கள் ஒளியாமல் கொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்தால், வெளியே ஆபத்தில்லை என்று அது நம்பும், மெல்ல வெளியே வரும். இந்தக் கடையில் அவற்றுக்குத் தைரியமீன் என்று பெயர். வாயில் அடங்காத அளவு இருக்க வேண்டும். பெரிய மீனின் ஜாடை இருந்தால் பங்காளி வந்துவிட்டான் என்று அடித்தே கொன்றுவிடும். நின்று வேடிக்கை பார்க்கிற மீன் உதவாது, ஓடியாடுகிற மீன் வேண்டும்.

"அதெல்லாம் தெரியுங்க," என்றார் எக்ஸ்ரேக்காரர்.

அவர் ஒவ்வொரு தொட்டியாகப் போய் விரல் முட்டியால் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினார். முதல் தொட்டியில் மீன்கள் செடிக்குள் புகுந்தன. அடுத்ததில் மூலைக்கு ஓடின. உள்ளங்கை அகலத்தில் வெள்ளித் தட்டுகள் போலிருந்த மீன்கள் மட்டும் திடுக்கிட்டுச் சிதறி, உடனே திரும்பி வந்து, தட்டியது யார் என்று பார்த்தன. எக்ஸ்ரேக்காரர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். பெண் பார்க்க வந்த அன்று அவர் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்து, அத்தைமார் எல்லாரும் துள்ளி எழுந்தார்கள். அவள் மட்டும் குனிந்து எடுத்து, இன்னொன்று கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். இதுதான் எனக்கு முதல் தடவை, அதான் கை நடுங்குது என்று சொல்லி, அன்று அவர் இதே போலத்தான் சிரித்தார். டம்ளரும் விழுந்தது, மனுஷன் மனசும் விழுந்தது என்று டெப்போவில் எத்தனை பேரிடம் சொல்லிக் குலுங்கியிருப்பாள். இப்போது தண்ணீர்ப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு, தன் தோளையும் உயரத்தையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிமீன்கள் கூடத்துக்கு வந்த அன்றே மின்விசிறிக்குக் கீழே கூட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. பெரிய மீன் பீரோவின் பின்னாலிருந்து தலையை நீட்டியது, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது, வெளுத்த உடம்பில் சிவப்பு ஊறியது. மாமனாரின் அறைக்கதவும் திறந்தது. அவர் வந்து உட்கார்ந்து, தலைக்கு மேல் போன மீன்களை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார், இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். வாசலில் நின்று எட்டிப் பார்த்த அண்டைவீட்டுக்காரி, வீடு இப்போதுதான் வீடாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். பின்னாலேயே வந்த கணவரிடம் திரும்பாமல் கேட்டாள்: "அன்னைக்கு டம்ளர் கை நழுவிச்சா, இல்ல நீங்களா போட்டீங்களா?"

அடுக்களை ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார், உண்மையான பிரியத்தோடு.

"முதல்ல கட்டிட்டு வந்தவ விஷயத்துல அவசரப்பட்டுட்டேன், பாவம், சின்ன சத்தத்துக்கே ஒளிஞ்சுக்குவா. உன்னை மட்டும்தான் தட்டிப் பாத்து எடுத்தேன்."