கட்டிலருகே நிமிர்ந்த தேங்காய்

“அந்த ரூமை மட்டும் ஏன் பூட்டியே வெச்சிருக்காங்க?” ஜெயலட்சுமி கணவனின் காதருகே கேட்டாள்.

“மெதுவா பேசு. அந்தம்மா காதுல விழப்போவுது” என்றான் உத்தமன்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் இப்படி ஓர் இடம் மிச்சமிருப்பதே அதிசயம்தான். சின்ன ஓட்டு பங்களா, அதைச் சுற்றி ஒரு தெருவே அமைக்கலாம் போல மனை. பின்னால் கிணறு, சப்போட்டா மரம். ஈஜிபுராவில் மூன்றாவது மாடியில், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்கெல்லாம் தன் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தவளுக்கு, முதல் நாளே மனசு இங்கே குடிவந்துவிட்டது. ஆம்பூரில் அப்பா விட்டுப்போன நிலத்தை விற்றதும் இதற்காகத்தான்.

ஆனாலும் மனசு உறுத்தியது. எத்தனையோ பில்டர்களைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிய வீட்டுக்காரி ஜூலியா, இவர்களிடம் மட்டும் ஏன் இப்படிக் குழைகிறாள்? மழை வரும்போல இருந்தால், “இன்னைக்கு வராதீங்க கண்ணு” என்று ஏன் போன் பண்ணுகிறாள்?

போன வாரம் ஜூலியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்.

“இடிக்க மாட்டீங்களே?”

“இங்க வாழத்தான் வரேன் ஆன்ட்டி. சத்தியமா.”

இன்று அட்வான்ஸ். அதற்கு முன்னால் நீரோட்டம் பார்க்க உமேஷை அழைத்து வந்திருந்தான் உத்தமன். “நீதான எல்லாத்துக்கும் சந்தேகப்படறே, தண்ணியையும் பார்த்துடுவோம்” என்றான்.

உமேஷ் உரித்த தேங்காயைக் குடுமியோடு உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு மெல்ல நடந்தான். கீழே நீரோட்டம் இருந்தால் அது நிமிர்ந்து நிற்குமாம். கிணற்றடியில் தேங்காய் அசையவில்லை. சப்போட்டா மரத்தடியிலும் இல்லை. அவன் நேரே பின்வாசல் ஏறி, சமையலறை வழியாக வந்து, பூட்டிய கதவின் முன் நின்றான்.

“மேடம், இது தெறக்கணும்.”

“அங்க என்னப்பா இருக்கு? வேணாமே” என்று இழுத்தாள் ஜூலியா. பிறகு கொத்திலிருந்து ஒரு சாவியைத் தேடியெடுத்துத் திறந்தாள்.

இரும்புக் கட்டில். நடுவில் ஒரு பக்கெட், ஓரத்தில் ஒரு பேசின். கூரையில் பழுப்பாய்ப் பெரிய கறை.

“ஒழுகுது கண்ணு. பார்த்தா வேணாம்னு ஓடிடுவீங்கன்னு பூட்டி வெச்சேன்.”

ஜெயலட்சுமிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “இவ்வளவுதானா ஆன்ட்டி! நான் என்னென்னமோ நெனச்சேன்.”

“டீ போடறேன் இரு” என்று ஜூலியா நகர்ந்ததும், கட்டிலருகே தேங்காய் நிமிர்ந்து நின்றது. உமேஷ் சிவப்புச் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

“கட்டிலாண்ட யாராவது போர் போடுவாங்களா? வண்டி எப்படி உள்ள வரும்?” என்று கேட்டாள் ஜெயலட்சுமி.

“கட்டில் எங்க இருக்கும் மேடம்? வீட்டைக் கணக்குல எடுக்காத, பூரா காலி மனைன்னு நெனச்சு நோடுன்னு சார் சொன்னாரே. அத்தனை ஃபிளாட்டுக்கும் தண்ணி வேணும், பேக்கல்லவா?” என்றான் உமேஷ், கன்னடம் கலந்த தமிழில்.

உத்தமன் இருமினான்.

“எப்பப் பேசினீங்க?”

“யார்கிட்ட?”

“பில்டர்கிட்ட.”

“வெளிய போய்ப் பேசலாம் ஜெயா.”

“எப்ப?”

“சும்மா ஒரு பேச்சுக்குத்தான். மேல் மாடி பூரா நமக்காம். கிச்சன் இதைவிடப் பெருசு.”

“இது என் பேர்ல வாங்கறது.”

“அதான் உன்கிட்ட சொல்லணும்னு…”

“கையெழுத்துப் போட்டப்புறமா?”

இந்த வீட்டின் ஒரு குழாயைக்கூட இவன் திருகிப் பார்த்ததில்லை. வந்த நாளெல்லாம் காம்பவுண்டு சுவர் ஓரமாகவே நடந்தான். அவளோ ஒரு கிழவியின் பூட்டையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

பத்திரம் அவள் பேரில்தான் வரும். ஆனால் ஆம்பூர் நிலத்தை விற்கவே மாட்டேன் என்றும் அவள் இதே உறுதியோடுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், உத்தமன் பேசிக் கரைக்கும் வரை.

ஹாலில், வெற்றிலைத் தட்டில் செக் இருந்தது. ஜூலியா டீயை வைத்துவிட்டுச் சாவிக்கொத்தையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.

“என்னப்பா, தண்ணி எங்க இருக்காம்?”

“கேட்டாண்ட ஆன்ட்டி, அந்த மூலைல” என்று உத்தமன் முந்திக்கொண்டான்.

உமேஷ் தேங்காயைப் பார்த்தான். ஜெயலட்சுமி சாவிக்கொத்தைப் பார்த்தாள்.

“இல்ல ஆன்ட்டி. அந்தப் பூட்டின ரூம்ல. கட்டில் பக்கத்துல.”

“ரூம்லயா?”

ஜூலியா உத்தமனைப் பார்த்தாள். பிறகு ஜெயலட்சுமியைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பங்களாக்கள் விழுந்து அடுக்குமாடிகள் எழுந்ததைப் பார்த்தவளுக்கு, வீட்டுக்குள் தண்ணீர் பார்த்தது எதற்கென்று விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. தட்டை அவர்கள் பக்கம் தள்ளினாள். சாவிக்கொத்தை எடுத்து நைட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

“டீ ஆறுது. குடிச்சிட்டுக் கெளம்புங்க.”

உத்தமன் செக்கை மடித்துக்கொண்டு வெளியே போனான். தேங்காயோடு உமேஷும் பின்னாலேயே போனான். ஜெயலட்சுமி சமையலறையிலிருந்து ஈரத்துணியை எடுத்துவந்து, கட்டிலருகே குந்தி அந்தக் குறியை அழுத்தித் துடைத்தாள்.

“நான் தொடைச்சிக்குவேன், விடு” என்றாள் ஜூலியா.

“நெஜமா எனக்குத் தெரியாது ஆன்ட்டி.”

ஜூலியா நைட்டிப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். அறை வாசலில் நின்று ஜெயலட்சுமியின் கையையே கவனித்துக்கொண்டிருந்தாள். ஜெயலட்சுமி எழுந்து வெளியே வந்ததும் அறையைப் பூட்டினாள். பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டாள்.