கானாங்கோழியின் முகவரி

பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் வாழையிலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. விமலனின் கண் கைப்பேசியில் இருந்தது. முந்தின இரவு கிள்ளான் பக்கத்துச் சதுப்பில் பதிவு செய்த கானாங்கோழியின் குரலை, இடத்தின் வரைபடத்தோடு முகநூலில் போட்டிருந்தான். லைக்குகள் ஏறிக்கொண்டே போயின.

நாணலுக்குள் ஒளிந்து வாழும் பறவை அது. கண்ணில் படுவது அரிது. இருட்டிய பிறகு குரல் மட்டும் வரும். அதைக் கேட்பதற்காக விமலனும் அவனோடு பறவை பார்க்க வரும் நண்பர்கள் மார்க்கிரட்டும் கார்த்திகேசுவும் மாதக்கணக்கில் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். இடத்தை வெளியே சொல்வதில்லை என்று மூவரும் பேசி வைத்திருந்தார்கள்.

மார்க்கிரட் அழைத்தாள். கிள்ளானில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருப்பவள்.

"ஏன் விமலா லொகேஷன் போட்ட? நாம என்ன பேசுனோம்?"

"நல்லதுதானே லா? நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் அந்த இடத்தக் காப்பாத்த முடியும்."

"காப்பாத்தவா போட்ட? மொதல்ல கேட்டது நீதான்னு காட்டத்தானே?"

அது உண்மையாக இருந்ததால் அவனுக்குக் கோபம் வந்தது. "உனக்குப் பொறாமை" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தான். பதிவை நீக்கவில்லை.

அடுத்த வாரம் கார்த்திகேசுதான் இருவரையும் சமாதானப்படுத்தித் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். சதுப்போரம் இறங்கியதுமே குரல் கேட்டது.

"இன்னைக்கு எவ்ளோ கிட்ட கத்துது!" என்று விமலன் பூரித்தான்.

கார்த்திகேசு முகம் சுளித்தார். "மூச்சே விடாம கத்துதே. இது சரியில்ல."

அப்போது கூவலுக்கு நடுவே ஒரு கிசுகிசுப்பு வந்தது. "மார்க்கிரட், அதோ... அதோ!"

அது விமலனின் குரல். போன வாரம் பதிவில் விழுந்த அவனுடைய சொந்தக் குரல்.

மூவரும் டார்ச் அடித்துக்கொண்டு நாணலை விலக்கி ஓடினார்கள். மெல்லிய வலை இழுத்துக் கட்டியிருந்தது. அதனடியில் ஒரு ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. குரலைத் தேடி வந்த பறவைகளை இரண்டு பேர் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்கள்.

"வனவிலங்கு இலாகாவுக்கு போன் போட்டாச்சு!" என்று கார்த்திகேசு கத்தினார்.

அந்த இருவரும் சாக்கோடு மோட்டார் சைக்கிளில் ஏறினார்கள். "இந்த இடம் எப்படிடா தெரியும் உங்களுக்கு?" என்று விமலன் கேட்டான்.

"முகநூல்ல ஒருத்தர் மேப்போட போட்டிருந்தாரு பாஸ். சவுண்டும் அவரோடதுதான். நல்ல மனுசன்!" என்று சிரித்துவிட்டு ஒருவன் வண்டியை முடுக்கினான்.

வலையில் இரண்டு பறவைகள் மிஞ்சியிருந்தன. மார்க்கிரட் நூலை அறுத்தாள். ஒன்று தத்தி நாணலுக்குள் ஓடியது. சிறகு முறிந்த மற்றது விமலனின் உள்ளங்கையில் படபடவென்று துடித்தது. பிறகு துடிக்கவில்லை. அவன் அதைக் கீழே வைக்க மனமில்லாமல் வெகுநேரம் நின்றான்.

காரில் பதிவை நீக்கினான். "அழிச்சிட்டேன்."

"உன்கிட்டதான் அழிஞ்சிருக்கு. எத்தன பேரு எடுத்து வச்சிருக்காங்களோ" என்றார் கார்த்திகேசு. மார்க்கிரட் கையில் ஒட்டியிருந்த சிறு இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை, நடந்ததையெல்லாம் தன் பெயர் போட்டு ஒளிக்காமல் எழுதி வெளியிட்டான். முதல் ஆளாக ஒருவர் கேட்டார்: "பாவம் லா. எந்த இடம் அது?"

விமலன் பதில் எழுதினான்: "சொல்ல மாட்டேன். வலை கட்டுனது அவங்க, வழி காட்டுனது நான். ஒரு உயிர் ஒளிஞ்சு வாழுதுன்னா அதுக்குக் காரணம் இருக்கு. நம்ம பெருமைக்காக அது இருக்கற எடத்த ஊருக்குச் சொல்றதும், அதக் கொல்றதும் ஒண்ணுதான்."