ஸ்பாஞ்ச் வெட்டும் வில்

சந்திரம்மாளின் இடது காலில் மூன்று விரல்களை எடுத்த அன்று, அவள் புருஷன் பலராமன் நர்சிங் ஹோம் வராண்டாவில் நின்றுகொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"புண்ணு ஆறிட்டுதுன்னு சொல்லித்தானே அனுப்புனீங்க? அப்புறம் எப்படி உள்ள அழுகிச்சு?"

பதில் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு கிண்ணத்தில் இருந்தது. மிளகை விடச் சிறிய இரண்டு கருப்புத் துணுக்குகள். முந்தைய வைத்தியத்தின்போது காயத்துக்குள் வைத்த ஸ்பாஞ்சிலிருந்து உதிர்ந்தவை. அவற்றின் மேலேயே சதை மூடி வளர்ந்து, உள்ளே சீழ் பிடித்துவிட்டது.

அது 2004ஆம் வருடம். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்களுக்கு அந்த வைத்தியத்தைத் திருவண்ணாமலையில் அந்த நர்சிங் ஹோமில்தான் செய்தார்கள். சர்ஜன் கோதண்டராமன் சென்னையில் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தது. காயத்தின் அளவுக்கு ஸ்பாஞ்சை வெட்டி உள்ளே வைத்து, மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டி, குழாய் வழியாக மெஷினால் உறிஞ்சுவார்கள். கெட்ட நீர் வெளியே வந்துவிடும். புதுச் சதை சீக்கிரம் பிடிக்கும். ஸ்பாஞ்சை வெட்டித் தருவது நர்ஸ் வேதாவின் வேலை.

"சிஸ்டர் கவனமா வெட்டல" என்றார் டாக்டர். வேதா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

பலராமன் அவள் பக்கம் திரும்பினார். "உன் ஊட்டு ஆளுக்கா இருந்தா இப்படித்தான் வெட்டுவியா?"

வேதா தலையைக் குனிந்துகொண்டாள். பதினோரு வருட சர்வீஸில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. மறுநாளிலிருந்து வார்டில் இருந்தவர்கள், "வேற சிஸ்டர் இல்லியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

டிரஸ்ஸிங் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அவள் பழைய ஸ்பாஞ்ச் துண்டுகளை வெட்டிப் பார்த்தாள். புதுக் கத்தரிக்கோல், பழைய கத்தரிக்கோல், ஆபரேஷன் பிளேடு எல்லாவற்றையும் முயன்றாள். கத்தரிக்கோல் வெட்டுவதற்கு முன்பே ஸ்பாஞ்சை நசுக்கியது. நசுங்கிய ஓரம் பிய்ந்து உதிர்ந்தது. ஆபரேஷன் பிளேடு மிகவும் சின்னது. இரண்டு விரல் கனமுள்ள ஸ்பாஞ்சை அறுக்க நாலு தடவை இழுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் தூள் விழுந்தது. டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"கத்தி மேல பழி போடாத. கையச் சரி பண்ணு" என்றார் அவர்.

செருப்பு யூனிட்டுகளுக்கு ஸ்பாஞ்ச் ஷீட்டை ஓரம் பிசிறாமல் வெட்டும் கத்திகள் போளூர் ரோட்டில் ஒரு பட்டறையில் செய்கிறார்கள் என்று கம்பவுண்டர் சொன்னார். யார் பட்டறை என்று கேட்டபோது அவர் தயங்கினார். பலராமனுடையது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு வேதா போனாள். கையில் ஒரு கத்தரிக்கோலும் ஒரு ஸ்பாஞ்ச் பாக்கெட்டும் இருந்தன. பலராமன் கிரைண்டரை நிறுத்தினார். செருப்பு வெட்டுவதற்காகப் பாத வடிவில் வளைத்த இரும்புப் பட்டைகள் சுவரில் தொங்கின.

"எதுக்கு வந்த?"

"கத்தரிக்கோல்ல வெட்டுனா ஸ்பாஞ்ச் உதிருதுண்ணா. வேற கத்தி ஒண்ணு..."

"அண்ணான்னு கூப்புடாத." அவர் ஒரு வெள்ளை ரெக்சினை மேஜை மேல் விரித்தார். "வெட்டு. என் எதிர்ல வெட்டு. கத்தரிக்கோல் தப்பா, உன் கை தப்பான்னு பாக்குறேன்."

வேதா வெட்டினாள். ரெக்சின் மேல் விழுந்த துணுக்குகளை அவர் ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினார். ஒன்பது. பிறகு கத்தரிக்கோலைப் பிடுங்கித் தானே வெட்டினார். முப்பது வருடமாகத் தோலும் ஸ்பாஞ்சும் வெட்டிப் பழகிய கை. பதினொன்று விழுந்தது.

அவர் கத்தரிக்கோலை மேஜை மேல் வைத்தார்.

"டாக்டருக்கு இது தெரியுமா?"

"சொன்னேன். காதுல வாங்கல."

"அன்னிக்கு என் பொண்டாட்டி கால்ல வெச்சியே, அப்போ தூள் விழுந்தத நீ பாத்தியா இல்லியா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யென்று அவரால் நிரூபிக்க முடியாது.

"பாத்தேன்" என்றாள் வேதா. "ரெண்டு மூணு எடுத்தேன். உள்ள இன்னும் இருக்கும்னு தோணிச்சு. அடுத்த கேஸ் காத்துனு இருக்குது, சீக்கிரம் ஒட்டுன்னு டாக்டர் அவசரப்படுத்துனாரு. நான் வாயத் தொறக்கல."

பலராமன் ஸ்பாஞ்சைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். "வெளிய போ. இன்னும் ஒரு நிமிஷம் நின்னன்னா என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

பஸ் ஸ்டாண்டு வரை வேதா நடந்தே போனாள். பாக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.

சந்திரம்மாளின் காலுக்கு மறுபடி அதே வைத்தியம் தேவைப்பட்டது. சாதாரணக் கட்டுப் போட்டு அதற்காகக் காத்திருந்த நாட்களில் பலராமன் வார்டுக்கு வந்தார். செருப்பு வெட்டுவது போன்ற ஒரு இரும்பு வளையத்தைப் படுக்கை மேல் வைத்தார். வேதா எதிரில் நின்றிருந்தும் மனைவியிடம்தான் பேசினார்.

"அவகிட்ட சொல்லு. இத வெச்சு அமுக்கிப் பாக்கச் சொல்லு."

"நேரா சொல்லேன்யா. எதிர்லதானே நிக்குது அந்தப் பொண்ணு" என்றாள் சந்திரம்மாள். அவர் காதில் வாங்கவில்லை.

வளையம் சரிப்படவில்லை. அமுக்கியபோது ஸ்பாஞ்ச் நசுங்கி, விட்டதும் ஓரம் உள்வாங்கிப் போயிற்று. போதாததற்கு ஒரு புண் மாதிரி இன்னொரு புண் இருப்பதில்லை. அடுத்து ஒரு நீளக் கத்தி கொண்டுவந்தார். சுத்தமாக வெட்டியது, ஆனால் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் பாத்திரத்திலிருந்து எடுத்தபோது துரு ஏறியிருந்தது.

"துருப்புடிக்காத இரும்பு வேணும். மரப்பிடி கூடாது. கழட்டிக் கழுவுற மாதிரி இருக்கணும்" என்றாள் வேதா, நேராக அவரைப் பார்த்து.

"எனக்கு வேலை கத்துத் தர்றியா?" அவர் குரலில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"வேலை கத்துத் தரல. உங்க ஊட்டம்மா காலுக்குச் சொல்றேன்."

அடுத்த வாரம் அவர் கொண்டுவந்தது வில் மாதிரி இருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை வளைத்து, இரண்டு முனைக்கும் நடுவில் தீக்குச்சி அகலமே உள்ள பிளேடை விறைப்பாகக் கட்டியிருந்தார். மெல்லிசு என்பதால் எந்த வளைவிலும் திரும்பியது. கூடவே ஊசி ஊசியாக முளைத்த ஒரு தட்டு. ஸ்பாஞ்சை அதில் குத்தி நிறுத்தினால் கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. வேதா வெள்ளைத் துணியின் மேல் வைத்து வெட்டினாள். துணியில் ஒரு தூள் இல்லை. இன்னொரு முறை வெட்டினாள். இல்லை.

"பட்டறை இரும்பெல்லாம் என் தியேட்டர்ல வரக்கூடாது" என்று முதலில் கத்திய டாக்டர், வெட்டிய ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அடங்கினார். ஏழு வாரத்தில் சந்திரம்மாளின் புண் மூடியது.

அவளை வீட்டுக்கு அனுப்பிய அன்று வேலூரிலிருந்து இரண்டு டாக்டர்கள் வந்திருந்தார்கள். கோதண்டராமன் வில்லை அவர்களிடம் தூக்கிக் காட்டி, "நம்ம டிசைன்தான். லோக்கல்ல ஒருத்தர வெச்சுச் செஞ்சேன்" என்றார். வாசலில் சந்திரம்மாளைத் தாங்கிப் பிடித்திருந்த பலராமன் அதைக் கேட்டார். மனைவியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய், டாக்டர் கையிலிருந்த வில்லையும் மேஜை மேலிருந்த தட்டையும் எடுத்துக்கொண்டார்.

"என்னய்யா, ரவுடித்தனமா?"

"என் பொண்டாட்டிக்குச் செஞ்சது. அவளுக்கு ஆறிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போது வார்டில் அடி அண்ணாமலை கிராமத்து விவசாயி சக்கரபாணி குப்புறப் படுத்திருந்தார். நீண்ட நாள் காய்ச்சலில் படுத்த படுக்கையாக இருந்து முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். மறுநாள் டாக்டர் கத்தரிக்கோலை நீட்டியபோது வேதா கையை நீட்டவில்லை.

"இதுல வெட்ட மாட்டேன் சார்."

"அப்போ வேலைய விட்டுப் போ."

"எழுதிக் குடுங்க, போறேன். ஏன் போறேன்னு நானும் எழுதுவேன்."

டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை. வேறொரு நர்ஸைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னார். ஸ்பாஞ்சை மாற்றும் நாளில் வேதா கண்ணாடி போட்டுக்கொண்டு, சக்கரபாணியின் முதுகிலிருந்து இடுக்கியால் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒரு மூடி போட்ட டப்பாவில் அவற்றை வைத்து, டியூட்டி முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனாள்.

"பதினாலு" என்று டப்பாவைப் பலராமன் முன் வைத்தாள். "இது இன்னொரு ஊட்டு ஆளு முதுகுல இருந்தது. அவரு உங்களுக்கு ஒண்ணும் பண்ணல."

பலராமன் டப்பாவையே பார்த்தார். "உன்ன நான் மன்னிக்கல. புரிஞ்சுக்க."

"கேக்கல."

"நாளைக்கு வா."

மறுநாள் வில் தயாராக மேஜையில் கிடந்தது. பழசு அல்ல, புதுசு. பிடி அகலமான ஸ்டீல் பட்டை. அதில் எழுத்துகளை ஆழமாக வெட்டியிருந்தார்: 'சந்திரம்மாள். இடது கால். மூன்று விரல்.'

"டாக்டர் கையில குடு. அவரு புடிக்கணும்" என்றார் பலராமன்.

கோதண்டராமன் அதைப் படித்தார். முகம் சிவந்தது. "இத முதல்ல ராவி எடுத்துட்டு வரச் சொல்லு."

"எடுக்கச் சொன்னா இத மொத்தமா எடுத்துட்டுப் போயிடுவாரு சார்."

டாக்டர் எழுத்து தெரியாதபடி பிடியைத் திருப்பினார். அந்தப் பக்கமும் அதையே வெட்டி வைத்திருந்தார் பலராமன். குப்புறப் படுத்திருந்த சக்கரபாணி, "இன்னா சார், இன்னும் ஆரம்பிக்கலியா?" என்று முனகினார். டாக்டர் வில்லை வேதாவிடம் நீட்டினார். அவள் வெட்டினாள்.

சக்கரபாணி நடந்தே வீட்டுக்குப் போனார். மழுங்கிய பிளேடுகளை வேதா மாதம் ஒருமுறை பட்டறைக்குக் கொண்டுபோனாள். பலராமன் வாங்கிக்கொள்வார், தீட்டி மேஜையில் வைப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். சக்கரபாணிக்குப் புண் ஆறிவிட்டது என்று அவள் சொன்ன அன்று மட்டும் கிரைண்டரிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"சரி. பிளேட வெச்சுட்டுப் போ" என்றார்.