ஏற்றத்துக்கு இன்னொரு சொல்

வாஷிங் மிஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவு என்றதும் பெரிய கூடம், வரிசையாக ஆட்கள் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை, இரண்டு தொலைபேசி, ஒரு கம்ப்யூட்டர், ஒரே ஒரு அக்கா. ஆபீசில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் அக்கா. மேனேஜருக்கு மட்டும் மேடம்.

புது மாடல் கடைக்குப் போன நாளிலிருந்து அக்காவுக்குத் தலைக்கு மேல் வேலை. துணி பிழியும்போது அந்த மிஷின் முதலில் மெல்ல முனகும், பிறகு உறுமும், அப்புறம் இடத்தை விட்டு நடக்க ஆரம்பித்துவிடும். "குளிக்கிற ரூம்ல வெச்சதும்மா, இப்ப ஹால்ல வந்து நிக்குது" என்பார் ஒருவர். "கதவை அடைச்சுக்கிட்டு நிக்குது, நான் உள்ள மாட்டிக்கிட்டேன்" என்பார் இன்னொருவர். அக்கா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வாள்: "முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க."

இதெல்லாம் அவளுக்குப் பழகிப்போனது. அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறு விஷயம். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். மருமகன் தங்கமான மனிதர்தான். ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் அவரையே பக்கத்துக் கட்டிலில் படுக்கவைக்க வேண்டியிருக்கும். "அம்மா, நீ வருவியா மாட்டியா, ஒரே பேச்சா சொல்லு" என்று மகள் தினமும் போனில் கேட்டாள்.

அக்கா மேனேஜரிடம் லீவு கேட்டாள்.

"தாராளமா போங்க மேடம். ஆனா உங்க சீட்டுல யார் உட்காருவா? தலைமை அலுவலகத்துல இன்னொரு ஆள் கேளுங்க. புகார் ஏறுதுன்னு வார ரிப்போர்ட்ல காட்டினா குடுத்துட்டுப் போறாங்க."

ரிப்போர்ட் என்றதும் அக்காவின் முகம் தொங்கிப்போனது. அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்று அல்ல, அது மேனேஜர் கையைத் தாண்டிப் போக வேண்டுமே என்றுதான். ஆபீசில் அவருக்கு வைத்திருந்த பெயர் அகராதி. ஒரு வாரம் ரிப்போர்ட்டில் வந்த ஆங்கில வார்த்தை அடுத்த வாரம் வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "நேத்துப் போட்ட சட்டையை இன்னிக்கும் போட்டுக்கிட்டு வருவாங்களா?" என்று கேட்பார். அவரே அப்படித்தான் வருவார் என்பது தனிக்கதை.

முதல் வாரம் அக்கா, புகார்கள் 'இன்க்ரீஸ்' ஆகின்றன, ஒரு ஆள் தேவை என்று எழுதி அனுப்பினாள். பதிலைக் காணோம். அடுத்த வாரமும் அதையே எழுதினாள். அகராதி சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"இன்க்ரீஸ் போன வாரமே ஆயிடுச்சு மேடம்."

"இந்த வாரமும் ஆகுதே சார்."

"ஆகட்டும். வேற பேர்ல ஆகட்டும்."

'சர்ஜ்' என்று மாற்றினார். 'கம்ப்ளெயிண்ட்' என்ற வார்த்தையும் பழசாகிவிட்டது என்று அதை அடித்துவிட்டு 'ரெஸ்பான்ஸ்' என்று போட்டார். அக்காவுக்குச் சுருக்கென்றது.

"சார், அவங்க நம்மளைத் திட்டுறாங்க சார்."

"திட்டுறதும் ஒரு ரெஸ்பான்ஸ்தானே மேடம்?"

மூன்றாவது வாரம் பெரிய வாக்குவாதமே நடந்தது. அக்கா எங்கெங்கோ தேடி 'ஸ்பைக்' என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அகராதி முகத்தைச் சுளித்தார். ஏறின வேகத்தில் இறங்கிவிடும் என்கிற மாதிரி இருக்கிறதாம். 'பில்டப்' என்றாள்.

"அது மெல்ல மெல்லச் சேர்றது. நமக்குத் திடீர்னுல்ல ஏறியிருக்கு?"

"மெல்ல மெல்லச் சேர்ந்துதான் சார் திடீர்னு ஏறிச்சு!"

இப்படியே அரை நாள் போனது. அந்த அரை நாளும் இரண்டு தொலைபேசிகளும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. கடைசியில் 'பூம்', அதாவது அமோக வளர்ச்சி, என்று முடிவாயிற்று. அகராதி அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ரசித்தார். 'ரெஸ்பான்ஸ்' இப்போது 'என்கேஜ்மெண்ட்' ஆனது; வாடிக்கையாளர்கள் நம்மோடு ஆர்வமாக உறவாடுகிறார்களாம். ஒரு ஆள் தேவை என்பதும் அரைத்த மாவாக இருந்ததால், மேலும் மேலும் ஆவலோடு எதிர்பார்க்கிறோம் என்ற பொருளில் ஒரு வரியை எழுதி, கையெழுத்தைப் போட்டு அனுப்பினார்.

இந்த முறை உடனே பதில் வந்தது. உங்கள் பிரிவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வருகிறார்.

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அறையைக் கூட்டிப் பெருக்கினாள். கணக்குப் பிரிவில் சண்டை போட்டு ஒரு நாற்காலி வாங்கி வந்து போட்டாள். மகளைக் கூப்பிட்டு, "வரேன்டி, கிளம்பிட்டேன்னு வெச்சுக்கோ" என்றாள். ஆள் வருகிற அன்று துணிமணிகளோடு பையையும் தூக்கிக்கொண்டே ஆபீசுக்கு வந்தாள். காலையில் வேலையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

வந்தவர் கோட்டு போட்ட பெரிய அதிகாரி. அவருக்குப் பின்னால் ஒரு கேக்கும் ஒரு கண்ணாடிப் பரிசுக் கோப்பையும் வந்தன.

"சார், நீங்களா போன் எடுக்கப் போறீங்க?" என்று அக்கா வெள்ளந்தியாகக் கேட்டாள்.

அவர் அதை நல்ல ஜோக் என்று எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஆபீசையே கூட்டி வைத்துப் பேசினார். வேறு எந்தப் பிரிவும் இப்படி ஒரு வளர்ச்சியைக் காட்டியதில்லையாம். அடுத்த மூன்று மாதத்தில் இது இரண்டு மடங்காக வேண்டுமாம். எல்லோரும் கைதட்டினார்கள். அகராதி கை சிவக்கத் தட்டினார். கையில் கோப்பையோடு நின்ற அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அது போன் எடுக்குமா?

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

"நம்ம வாடிக்கையாளர்! நானே பேசறேன்" என்று அதிகாரி பெருமையாக எடுத்தார். அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. "இல்லீங்க... கேளுங்க... எங்க அப்பாவை எதுக்குங்க இழுக்கறீங்க?" என்றார். அதற்குள் அடுத்த தொலைபேசியும் அடித்தது. அக்கா அதை எடுத்து அவருடைய இன்னொரு கையில் கொடுத்தாள்.

அவர் இரண்டையும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, "மேடம், என்ன இது?" என்றார்.

"என்கேஜ்மெண்ட் சார்."

"எப்பவுமே இப்படித்தானா?"

"ஏறிக்கிட்டே இருக்கு சார். நான் ஆள் கேட்டேன். நீங்க கோப்பை குடுத்திருக்கீங்க."

"இதை இப்படியே எழுத வேண்டியதுதானே?"

அக்கா அகராதியைப் பார்த்தாள். அகராதி கேக்கைப் பார்த்தார்.

"என் பொண்ணுக்குப் பிரசவம் சார். நான் போகணும்."

அதிகாரி இரண்டு தொலைபேசியையும் அகராதியின் கையில் வைத்தார். "இவங்க திரும்பி வர்ற வரைக்கும் இது உங்க சீட்டு."

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். "முதல்ல பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்க சார். எல்லாருக்கும் அதே பதில்தான். தயவுசெஞ்சு வார்த்தையை மாத்தாதீங்க."

பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்த மறு நிமிடம் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, வலி கூடுதும்மா."

அவ்வளவுதான் சொன்னாள். அக்காவுக்கு அடிமுதல் நுனிவரை எல்லாம் விளங்கிவிட்டது.

"பயப்படாதடி கண்ணு, அம்மா பாதி தூரம் வந்துட்டேன்" என்றாள்.

பஸ் இன்னும் நிலையத்தை விட்டே நகரவில்லை. டிரைவர் கீழே நின்று சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இத்தனை நாளாகத் தான் வாங்கிக் கட்டிக்கொண்ட அத்தனை திட்டுகளையும் ஒன்று விடாமல் அவருக்கு எடுத்துவிட்டாள். டீ தம்ளர் அப்படியே கிடந்தது. வண்டி கிளம்பிவிட்டது.